கண்மாய் மண்ணில் ஒரு முகம்: மூன்று வாரம் செய்து பார்த்தது

புகைப்படத்தில் என் தம்பியின் முகத்தை வெடித்த மண்ணால் ஆன முகமாக மாற்ற வேண்டும். ரத்தம், கோரைப்பல் எதுவும் வேண்டாம். முதலில் மனிதனாகத் தெரிந்து, கொஞ்ச நேரம் பார்த்தால் இது மனிதன் இல்லையோ என்று வயிற்றைப் பிசைய வேண்டும். அவ்வளவுதான் ஆசை. படத்தைத் திருத்தும் மென்பொருள் ஜிம்ப், காசு கிடையாது.

முகத்தை ராத்திரியில் எடுத்தேன். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவன் மடியில் செல்போன் டார்ச்சை மேல்நோக்கி வைக்கச் சொன்னேன். 50 எம்எம் லென்ஸ்; இருட்டு என்பதால் அதன் துவாரத்தை அகலத் திறந்து (எஃப் 1.8), கேமராவின் ஒளி உணர்திறனையும் ஏற்றினேன் (ஐஎஸ்ஓ 1600). மேலிருந்து விழும் வெளிச்சத்திலேயே முகங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறினாலே கூடப்பிறந்தவன் வேற்றாளாகிவிடுகிறான். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

மண் எங்கள் ஊர்க் கண்மாயில் கிடைத்தது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்ததால் ஒவ்வொரு வெடிப்பின் ஓரமும் தனியாகத் தெரிந்தது. அதை முகத்துக்கு மேல் லேயராக, அதாவது இன்னொரு அடுக்காக வைத்து, இரண்டு அடுக்கும் கலக்கும் மோடை மல்டிப்ளைக்கு மாற்றினேன். வார்ப் கருவியால் கன்னத்தின் வளைவுக்கு இழுத்துவிட்டு, கண், உதடு, மூக்குத் துவாரத்தின் மேல் விழுந்த மண்ணை மட்டும் லேயர் மாஸ்க்கில் (அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் வசதி) கறுப்பு பிரஷ்ஷால் மறைத்தேன்.

இங்கேதான் இரண்டு நாள் போனது. வெடிப்புகள் பள்ளமாகத் தெரியவே இல்லை. நரம்பு புடைத்ததுபோல மேலே துருத்திக்கொண்டு நின்றன. வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸை ஏற்றி இறக்கிப் பார்த்தும் சரிவரவில்லை. அப்புறம் தம்பிதான் கேட்டான்: “அண்ணே, மண்ணுல வெயில் எந்தப் பக்கம் இருக்கு?” மண்ணில் வெயில் படத்தின் மேல்பக்கமிருந்து வந்திருந்தது, முகத்தில் டார்ச் கீழிருந்து. வெளிச்சத்தின் திசை மாறினால் பள்ளமும் மேடும் கண்ணுக்கு இடம் மாறிவிடும். மண் லேயரை 180 டிகிரி திருப்பினேன். வெடிப்புகள் தோலுக்குள் இறங்கி உட்கார்ந்தன. அந்த நொடியில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

மல்டிப்ளை இருட்டை மட்டும்தான் கூட்டும், ஓர வெளிச்சத்தைத் தராது. அதனால் அதே லேயரை இன்னொரு பிரதி எடுத்து, வெளிச்சம், இருட்டு இரண்டையும் மெல்லக் கூட்டும் சாஃப்ட் லைட் மோடில், 30 சதவீத அழுத்தத்தில் வைத்தேன். ராத்திரியில் எடுத்த முகத்தில் கிரெயின், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள் இருந்தன; பின்னணியில் வைத்த பழைய சுவர் பகலில் எடுத்தது, துடைத்துவிட்டதுபோல இருந்தது. சுவரிலும் கிரெயின் சேர்த்ததும் முகத்தோடு ஒட்டியது. நிறத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, நிழலில் மட்டும் கொஞ்சம் பச்சை ஏற்றினேன்.

கடைசியாகக் கண்கள். கருவிழியில் டார்ச்சின் வெள்ளைப் புள்ளி இருந்தது. இரண்டு கண்ணிலும் அழித்தால் பிணத்தின் பார்வை வந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முகத்தில் ஆளே இல்லை. இடது கண் புள்ளியை மட்டும் மீட்டுக் கொண்டுவந்தேன். இப்போது அந்த ஒரு கண் நம்மைப் பார்க்கிறது, மற்றது பார்க்கவில்லை. என் கணக்கில் இந்தப் படத்தில் நான் செய்த நல்ல வேலை அந்தப் புள்ளிதான்.

கழுத்து இன்னும் முடியவில்லை. தாடைக்குக் கீழே மண் நின்று தோல் தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குப் போய், வெடிப்பு மெல்ல மறைந்து ஈரமண்ணாக மாறும் கரையோரத்தைப் படம் எடுத்து வர வேண்டும். வெயில் சாய்வதற்குள் போய்விட வேண்டும்.