சேதன ஆட்டிறைச்சி: குழை முதல் பங்கு வரை

"ஆடு வெறும் குழைதானே தின்னுது, அப்ப அது சேதன இறைச்சிதானே" என்று யாழ்ப்பாணத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சேதனம் என்றால் இரசாயன மருந்து படாதது. அந்தக் குழை எந்த வேலியில் வெட்டியது என்பதில்தான் விசயமே இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் வளவும் தோட்டமும் ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அடிக்கிற மருந்து எல்லை வேலியில் நிற்கும் பூவரசிலும் கிளிசரிடியாவிலும் படியும். அந்த வேலிக் குழையைத் தின்ற கிடாயைச் சேதனம் என்று விற்பது பொய்.

ஆகவே முதல் வேலை, மருந்து படாத வேலிகளைப் பிடிப்பது. வளவுக்காரரோடு பண்டமாற்றுப் பேசலாம்: அவருக்கு ஆட்டெரு, உங்களுக்குக் குழை. எருவை வாங்கி வைப்பவர் கிணற்றடியில் குவிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் நிலத்தின் அடியில் சுண்ணக்கல். மழை பெய்தால் எருவிலிருந்து வரும் நைத்திரேற்று நேரே குடிதண்ணீருக்குள் இறங்கிவிடும்.

20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ பச்சைக் குழை வேண்டும். ஒரே மரத்துக் குழையைப் போடாமல் பூவரசு, முள்முருக்கு, பலா, கிளிசரிடியா என்று கலந்து போடுங்கள். கிளிசரிடியாவின் மணம் பிடிக்காமல் ஆடு முகத்தைத் திருப்பினால், முதல்நாள் பின்னேரமே வெட்டி வாடவிட்டுப் போட்டால் தின்னும். இப்பிலிப்பில் மரத்துக் குழை மொத்தத் தீனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு கூடினால் மயிர் கொட்டும், வளர்ச்சி குன்றும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போடவே வேண்டாம். நன்றாக வாடவிட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஆனால் இந்தத் தொழிலில் தோற்பவர்கள் பெரும்பாலும் தீனில் தோற்பதில்லை. மாரியில், புழுவில் தோற்கிறார்கள். ஆட்டின் நாலாம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் என்ற புழுதான் பெரிய எதிரி. புழுக்கையோடு விழும் முட்டை, ஈரமும் சூடும் சேர்ந்தால் ஒரு கிழமைக்குள் தொற்றக்கூடிய குடம்பியாகி (இளம்புழுவாகி)ப் புல்லின் ஈரத்தில் ஏறி நிற்கும். ஒரே முளையில் மாதக்கணக்காக ஆட்டைக் கட்டினால், ஆடு தன் புழுவைத் தானே திரும்பத் தின்கிறது. முளையை நாலு நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள், விட்ட இடத்துக்கு ஒரு மாதம் கழியும்வரை திரும்பிப் போகாதீர்கள். எங்கள் சூட்டில் அதற்குள் பெரும்பாலான குடம்பிகள் செத்துவிடும். காலையில் பனி காயுமுன் அவிழ்க்க வேண்டாம். கார்த்திகை, மார்கழி அடைமழையில் புல்லை மறந்துவிட்டு, குழையைக் கட்டி ஆட்டின் நெஞ்சுக்கு மேலே தூக்கித் தொங்கவிடுங்கள். நிலத்தில் வாய் வைக்காத ஆட்டுக்குப் புழு ஏற வழி குறைவு.

கொட்டிலையும் நிலத்திலிருந்து மூன்று, நாலு அடி உயர்த்திப் பனஞ்சலாகையால் தளம் போடலாம். சலாகைகளுக்கிடையில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி போதும். குறைந்தால் புழுக்கை தங்கி ஈரமாகும், கூடினால் குட்டியின் கால் மாட்டும்.

மாரி தொடங்கியதும் கிழமைக்கொருதரம் ஒவ்வோர் ஆட்டின் கண்ணையும் பார்க்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் மேல்மடலைப் பெருவிரலால் மெதுவாக அமத்தி, கீழ்மடலை மற்றக் கைவிரலால் இறக்குங்கள். உள்தோல் செவ்வரத்தம்பூ நிறத்தில் இருந்தால் ஆடு சுகம். வெளிறிய இளஞ்சிவப்பென்றால் கவனம் வேண்டும். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ அன்றைக்கே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். மந்தை முழுவதற்கும் மருந்து பருக்க வேண்டாம். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகுவதும் தள்ளிப்போகும், மற்ற ஆடுகளின் சேதனக் கணக்கும் குழம்பாது. வேப்பங்குழையே போதும் என்று இருந்துவிடாதீர்கள், இந்தப் புழுவுக்கு அது நம்பத்தக்க மருந்தல்ல.

சேதனப் பெயர் போய்விடுமென்று நோயாளி ஆட்டுக்கு மருந்து கொடுக்காமல் விடுவது கொடுமை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் சேதன வழிகாட்டியே நோயைக் கவனிக்கச் சொல்கிறது. மருந்து கொடுத்தபின் இறைச்சிக்கு எடுக்காமல் சட்டப்படி காத்திருக்க வேண்டிய விலக்குக் காலத்தை இரட்டிப்பாக்கு, எப்படியும் 48 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்பதே அதன் விதி. மருந்தின் பெயர், அளவு, திகதி, ஆட்டின் காது இலக்கம் நாலையும் அன்றன்றே கொப்பியில் எழுதுங்கள். வாங்குபவர் கேட்டால் அந்தக் கொப்பியைத்தான் காட்ட முடியும்.

அடுத்தது விற்பனை. ஓர் ஆட்டைப் பலர் சேர்ந்து வாங்கிப் பிரிக்கும் எங்கள் ஊர்ப் பங்கு முறையை விட நேர்மையான முறை எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பங்குக்கும் ஆள் சேர்ந்த பிறகுதான் கத்தி எடுப்பது. ஈரல், குடல், இரத்தம், தலை எதுவும் வீணாகாது. 25 கிலோ கிடாயில் எலும்போடு ஏறத்தாழ 11 கிலோ இறைச்சி தேறும். உயிர் எடையில் கிலோவுக்கு உங்களுக்கு முடிந்த செலவை 2.3ஆல் பெருக்கினால் இறைச்சிக் கிலோவின் அடக்கவிலை வரும். கண்மதிப்பில் விலை சொல்பவர்கள் நட்டப்படுவது இங்கேதான். பங்குகளைத் தராசில் நிறுத்து, தொடை, விலா, முன்னங்கால் எல்லாம் எல்லாருக்கும் விழும்படி கூறு வையுங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். போயா நாளில் இறைச்சி விற்கமுடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கேட்பாரில்லை. தீபாவளிக்கு எவ்வளவு இருந்தாலும் போதாது, ஓரிரு நாளிலேயே கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். தீபாவளிக் கிடாய் மாரி ஓய்ந்த தையில் பிறந்தால் ஒன்பது மாதத்தில் தயாராகும். சினைக்காலம் 150 நாள் என்பதால் ஆவணியிலேயே மறியைக் கிடாய்க்கு விட வேண்டும். உள்ளூராட்சி சபை அனுமதியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். பண்டிகைக்கு முதல்நாள் ஓடினால் நடக்காது.

வெட்டுவதற்கு 12 மணி நேரம் முந்தித் தீனை நிறுத்தி, தண்ணீரை மட்டும் வைத்திருங்கள். பழகியவர் கையால், துரத்தாமல், மற்ற ஆடுகளின் கண்ணில் படாமல் கொண்டுபோக வேண்டும். ஆட்டின் வேதனையைக் குறைப்பதுதான் இதில் முதல் நோக்கம். இறைச்சிக்கும் அதுவே நல்லது: பயந்து ஓடிய ஆட்டின் தசையில் சேமித்திருக்கும் மாச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்துபோவதால் போதிய லக்டிக் அமிலம் உண்டாகாது. இறைச்சி கறுத்து, ஒட்டும் தன்மையோடு இருக்கும், சீக்கிரம் பழுதாகும்.

விடியப்புறம் வெட்டி, வெயில் ஏறுமுன் வாழையிலை விரித்த பனையோலைப் பெட்டியில் பங்கைக் கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது ஒன்று சொல்லிவிடுங்கள்: வீட்டுக்குப் போனவுடன் ஆழ்குளிரில் போட வேண்டாம். தசை விறைத்துத் தளருமுன் உறைந்த இறைச்சி, உருகும்போது சுருங்கித் தோல் மாதிரி இறுகும். ஆடு கிழடு என்ற பழி பிறகு உங்கள் தலையில் விழும். மூடிய பாத்திரத்தில் பிரிஜின் கீழ்த்தட்டில் ஒருநாள் வைத்துவிட்டு, அடுத்தநாள் ஆழ்குளிருக்கு மாற்றச் சொல்லுங்கள்.