தம்பிக்கு லேபர் கோர்ட் வக்கீல் தேடியபோது

கோயம்புத்தூரில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. லேபர் கோர்ட்டில், அதாவது தொழிலாளர் நீதிமன்றத்தில், தினமும் நிற்கிற வக்கீலைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது அவர்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. போர்டைப் பார்த்தால் பெயரும் படிப்பும்தான் இருக்கும். தெரிந்தவர் யாராவது சொல்ல வேண்டும்.

என் தம்பி பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சிஎன்சி மிஷின் (கம்ப்யூட்டரில் இயங்கும் கடைசல் இயந்திரம்) ஓட்டிக்கொண்டிருந்தான். 2022-ல் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடிதமும் இல்லை, விசாரணையும் இல்லை.

எங்கள் வீட்டு நிலப் பத்திரங்களைப் பார்க்கும் வக்கீலிடம் முதலில் போனோம். "லேபர் கேஸ் பார்க்கிறவங்க தனிம்மா, அவங்ககிட்டப் போங்க" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அப்புறம் தம்பியோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் எங்களைத் தொழிற்சங்க அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். தம்பி சங்கத்தில் உறுப்பினர் இல்லை; ஆனாலும் உட்காரவைத்துப் பேசினார்கள். எந்த வக்கீல் தொழிலாளி பக்கம் நிற்பவர், யார் கம்பெனிகளுக்கும் ஆஜராகிறவர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அவர்கள் அனுப்பிவைத்த வக்கீலம்மா முதலில் கேட்டது தேதியை. அடுத்து, "எந்தப் பேப்பர்லயாவது கையெழுத்துப் போட்டியா தம்பி?" ராஜினாமா, முழு செட்டில்மென்ட் என்று எழுதிய எதிலும் அவன் கையெழுத்துப் போடவில்லை. பிறகு அவன் என்ன வேலை செய்தான் என்று துருவினார். சம்பள ரசீதில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று போட்டிருந்தார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் செய்த வேலை எது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். நிர்வாகப் பதவியில் இருப்பவர் சட்டப்படி தொழிலாளி ஆகமாட்டார், அதனால் லேபர் கோர்ட்டுக்கு வர முடியாது என்று விளக்கினார். பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ கார்டு, வருகைப் பதிவின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னார்.

அன்றைக்கே அவர் செய்யச் சொன்ன ஒரு காரியம்தான் எங்களைக் காப்பாற்றியது. "வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், வேலை கொடுங்கள்" என்று கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், ஒப்புகை அட்டையோடு. தொழிலாளர் துறை அதிகாரி முன் நடந்த சமரசப் பேச்சில், அவனாகவேதான் நின்றுவிட்டான் என்று கம்பெனி சாதித்தது. தம்பி அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தான். சமரசப் பேச்சுக்கு வக்கீல் வர, அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறுச் சட்டம் விடவில்லை. இதை முன்பே சொல்லி, தனியாகப் பேச அவனைத் தயார்ப்படுத்தியிருந்தார் அந்த அம்மா.

ஃபீஸ் விஷயத்தைக் கூச்சப்படாமல் முதல் நாளே பேசுங்கள். கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேரம் பேசுவது விதிப்படி தவறு. எங்களுக்கு மொத்தத் தொகையைச் சொல்லி, தவணையாகப் பிரித்து எழுதிக் கொடுத்தார். பணமே இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

சட்டம் இப்போது மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்த 1947 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்து நேரடியாக வழக்குப் போட முன்பு மூன்று வருடம் அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் இரண்டே வருடம். உங்கள் தேதிக்கு எது பொருந்தும் என்று வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.