சுற்றாடல் அறிக்கைக்கு நாங்கள் கருத்து எழுதிய கதை

டவுனுக்கு மேலே உள்ள சரிவில் பஸ் தரிப்பிடம், கடைத்தொகுதி, மாடி வீடுகள் எல்லாம் சேர்ந்த பெரிய அபிவிருத்தித் திட்டம் வரப்போகிறது என்று சலூனில்தான் முதலில் காதில் விழுந்தது. அந்தச் சரிவுக்கு நேர் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். உடனே ஆர்ப்பாட்டம் என்றார்கள் பாதிப் பேர். செய்யலாம்தான், ஆனால் அதற்கு முன்னால், திட்டத்தால் சுற்றாடலுக்கு வரும் பாதிப்பைப் பற்றி எந்த வகை அறிக்கை தயாராகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இலங்கையின் 1980ஆம் ஆண்டு தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988இல் செய்த திருத்தம்தான் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. எந்தெந்தத் திட்டத்துக்கு அது தேவை என்பது 1993 வர்த்தமானியில் இருக்கிறது. வீடு, வர்த்தகம், உட்கட்டமைப்பு எல்லாம் கலந்த திட்டம் 10 ஹெக்டேயரைத் தாண்டினால் பட்டியலுக்குள் வந்துவிடும். ஆனால் அதிலும் இரண்டு வகை. ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை என்ற சுருக்கமான வகையோடு முடித்துவிட்டால், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. முழு மதிப்பீடு என்றால் கேட்டே ஆகவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் போட்டோம். முழு மதிப்பீடு என்று பதில் வந்தபோதுதான் மூச்சு வந்தது.

பத்திரிகையில் தமிழிலும் அறிவித்தல் வந்தது. அது சட்டப்படி வரவேண்டியதுதான், யாரும் சலுகை செய்யவில்லை. கருத்து அனுப்ப 30 நாள். அறிக்கையைப் பார்க்கப் போனால் தடித்த இரண்டு புத்தகம், அத்தனையும் ஆங்கிலம், தமிழில் சுருக்கம் மட்டும். "தம்பி, வெளியே கொண்டுபோக ஏலாது, இங்கேயே உட்கார்ந்து வாசிங்க" என்றார் அங்கிருந்தவர். கம்பஸில் படிக்கும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போய், மாறி மாறி உட்கார்ந்து கொப்பியில் எழுதி எடுத்தோம். அந்த 30 நாளில் பெரும்பகுதி இப்படியே கரைந்தது.

எங்களுக்குத் துருப்புச்சீட்டாக வாய்த்தது ஒரு வரைபடம். லயங்கள் இருக்கவேண்டிய இடம் முழுக்க ஒரே பச்சை. ஓரத்துக் குறிப்பில் 'தேயிலை' என்றிருந்தது. கோயிலும் இல்லை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமும் இல்லை. நீர் பற்றிய அத்தியாயத்திலோ, திட்டப் பகுதிக்குக் கீழே குடிநீர் மூலம் எதுவும் இல்லை என்று ஒரு வரி. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிக்கும் பீலி, ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடம், அங்கேதான் இருக்கிறது!

ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா எங்களை மேலே கூட்டிப்போனார். காட்டுத் துண்டின் அடியில் ஊற்று, அங்கிருந்து குழாய். பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கான் (வடிகால்), பாதி மண் மூடிக் கிடந்தது. "இந்தக் கானை அடைச்சா தண்ணி எங்க போகும்? மலைக்குள்ளதான் இறங்கும்" என்றார். அவர் சொன்னதற்கு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யார் மறந்திருக்கிறார்கள்? அறிக்கையிலும் மண்சரிவு அத்தியாயம் ஒன்று இருந்தது. ஆனால் அவர்கள் கட்டப்போகும் இடம் நிற்குமா என்பதோடு அது முடிந்துவிட்டது, வெட்டிய சரிவின் தண்ணீர் யார் தலையில் இறங்கும் என்ற பேச்சே இல்லை.

ஊற்றும் கானும் எங்கே இருக்கின்றன என்பதை ஃபோனில் குறித்தோம். பீலியில் ஒரு வாளி நிறைய எத்தனை வினாடி என்று மழை நாளிலும் வெயில் நாளிலும் பார்த்து, தேதியோடு படம் எடுத்தோம்.

கடிதத்தின் முதல் வடிவம் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. பாடசாலையில் படிப்பிக்கும் அக்கா ஒருவர் சிவப்புப் பேனையால் அடித்துத் தள்ளினார். எந்தப் பக்கம், அதில் என்ன எழுதியிருக்கிறது, நிலத்தில் என்ன இருக்கிறது, எங்களுக்கு என்ன வேண்டும், இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்றார். அப்படியே எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம், துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். 'எதிர்க்கிறோம்' என்று மட்டும் நூறு கையெழுத்து வைத்து அனுப்புவதை விட, பக்க எண் போட்ட ஒரு தாளுக்குத்தான் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும் என்பது என் எண்ணம். கருத்துகள் திட்டக்காரரிடம் போய், அவர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் முறை.

பகிரங்க விசாரணை கட்டாயமில்லை, அனுமதி வழங்கும் நிறுவனம் நினைத்தால்தான். கேட்டோம், வைத்தார்கள். ஆனால் வேலை நாள் காலையில்! ஞாயிற்றுக்கிழமை கேட்டும் கிடைக்கவில்லை. அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, தியாகம் செய்துவிட்டுக் கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அறிக்கை தயாரித்தவரிடம் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "சேர், இவ்வளவு தூரம் வந்தீங்களே, கொஞ்சம் கீழ இறங்கியிருந்தா எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சிருக்கலாமே. அந்தத் தண்ணிதான் இல்லைன்னு எழுதியிருக்கீங்க." அவர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார். திருத்துவதாகச் சொன்னார்.

திட்டம் நிற்கவில்லை, நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஊற்றையும் அதற்கு மேலே உள்ள காட்டுத் துண்டையும் தொடக்கூடாது, சரிவை வெட்டும் முன் பழைய கான்களைத் திருத்த வேண்டும், லயங்கள் இருக்கும் சரிவையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பவை அதில் சேர்ந்திருக்கின்றன. பஸ் தரிப்பிடத்தை வேறு பக்கம் மாற்றச் சொன்னோம், அதை ஏற்கவில்லை. நிபந்தனைப் பட்டியலின் பிரதி ஒன்றைக் கோயில் அலுமாரியில் வைத்திருக்கிறோம். அடுத்த கிழமை கான் வேலை ஆரம்பமாம், பார்க்கப் போவதற்கு ஆள் பிரித்தாயிற்று.