கான்ஸ்டபிளின் மேகங்கள்: பட்டறை நாட்குறிப்பு

பிப்ரவரி 3

இந்த வாரம் ஆங்கில இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் மேகங்கள். 1821, 1822இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில், தாளில் எண்ணெய் வண்ணம் கொண்டு போட்டவை. அவரைப் போலவே தாளில்தான் செய்யப்போகிறோம்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாளுக்கு முதலில் ஜெலட்டின் பூச்சு. 100 மில்லி குளிர்ந்த நீரில் 5 கிராம் ஊறவேண்டும், பிறகு இளஞ்சூட்டில் கரைக்கவேண்டும். கொதித்தால் பசை வலுவிழக்கும். ஒருபுறம் மட்டும் பூசினால் தாள் சுருளும். பூசாமலே விட்டால் எண்ணெய் உள்ளே இறங்கி வண்ணம் சோபை இழக்கும், நாளடைவில் தாள் பழுப்பேறி நொறுங்கும்.

பிப்ரவரி 4

அடிநிறம்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கொஞ்சம் வெள்ளை, வண்ணத்தை நீர்க்கவைக்க டர்பன்டைன். மெல்லிய ஒரே பூச்சு. வெறும் வெள்ளைத் தாளில் எந்த நீலமும் கருத்துத் தெரியும். பயந்து வெள்ளையைக் கலப்போம், வானம் சுண்ணாம்பாகிவிடும்.

பிப்ரவரி 9

அடிநிறம் காய்ந்தது. தூரிகையைத் தொடுமுன் ஒரு படத்துக்குக் கான்ஸ்டபிள் எழுதிவைத்த குறிப்பைப் படிக்கவேண்டும். 1822 செப்டம்பர் 5, காலை 10 மணி, பார்வை தென்கிழக்கு, மேற்கிலிருந்து பலத்த காற்று, வானத்தில் மஞ்சள் படுகையின் மேல் விரைந்தோடும் சாம்பல் மேகங்கள். தென் இங்கிலாந்தின் ஆஸ்மிங்டன் கடற்கரைக்குப் பொருந்தும் என்றும் சேர்த்திருக்கிறார்.

இதிலேயே ஒளியமைப்பு முழுவதும் இருக்கிறது. அந்த நேரத்தில் லண்டனில் சூரியன் தென்கிழக்கில்தான், சுமார் 40 பாகை உயரத்தில். அதாவது நேர் எதிரே. ஆகவே மேகத்தின் நடு இருண்டிருக்கும், ஓரம்தான் ஒளிரும். மேற்குக் காற்று வலது பின்புறத்திலிருந்து வருவதால் மேகங்கள் இடப்பக்கமாக விலகிப்போகும். போகப்போகத் தட்டையாகி நெருங்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வரைந்தால் பஞ்சுப்பொதி அடுக்கியதுபோல் ஆகிவிடும்.

பிப்ரவரி 10

முதலில் மஞ்சள் படுகை: மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை. அடுத்து சாம்பல்: வெள்ளை, லைட் ரெட் (செம்மண் சிவப்பு), குண்டூசித் தலையளவு பிரஷ்யன் நீலம். இந்த நீலம் பொல்லாதது, கொஞ்சம் கூடினாலும் பேலட் முழுக்க அதுதான். மேகத்தின் ஒளிபடும் ஓரத்தைக் கூர்மையாக விடலாம். மறுபுறத்தை உலர்ந்த தூரிகையால் ஒரே முறை இழுத்துக் கலைத்தால் போதும். இரண்டாம் முறை இழுத்தால் சேறு. சாம்பலுக்கு நடுவே அடிநிறம் எட்டிப்பார்க்கும் இடங்களை மூடக்கூடாது, வெதுவெதுப்பு அங்கிருந்துதான் வருகிறது. தடித்த வெள்ளை கடைசியில், ஓரிரு இடத்தில் மட்டும். டைட்டானியம் வெள்ளை மற்ற நிறங்களை விழுங்கும், குளிர்ச்சியாகவும் இருக்கும். துளி ஓக்கர் சேர்த்தால் அடங்கும்.

பிப்ரவரி 12

வானத்தைப் பொருள்களுக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியாக நினைக்கச் சொல்லிப் பலர் கான்ஸ்டபிளுக்கு அறிவுரை சொன்னார்கள். 1821 அக்டோபரில் நண்பர் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் அதை மறுக்கிறார்: இயற்கையில் ஒளியின் ஊற்று வானம், எல்லாவற்றையும் ஆள்வதும் அதுவே. இந்த வானத்தின் கீழ் ஆஸ்மிங்டன் கரையைச் சேர்ப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். பாறைகளின் முகம் இருண்டிருக்கவேண்டும், நிழல் நம்மை நோக்கி விழவேண்டும், ஈரமணலில் பளபளப்பு சூரியனுக்கு நேர்கீழே வரவேண்டும். பெரும்பாலோர் பாறைக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்துவிடுகிறார்கள்; அப்படியானால் வானத்தையும் மாற்றிப் போடவேண்டும்.