447 என்ற சிகரம்

முருங்கைக் கீரைச் சாற்றை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தி எதிர்மின் அயனிகளைப் பதிவு செய்தால், 447 என்ற நிறையில் ஒரு சிகரம் எழும். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காலையில் வாங்கிய கீரையை அன்றே உறையவைத்து உலர்த்தி, நீர் கலந்த மெத்தனாலில் சாறெடுத்துச் செய்யும் இந்தப் பரிசோதனை எங்கள் ஆய்வகத்தில் வழக்கமான ஒன்று. கணினியில் உள்ள தரவுத்தொகுப்பு அந்தச் சிகரத்துக்கு நொடியில் ஒரு பெயர் சூட்டிவிடும். அதை அப்படியே அறிக்கையில் எழுதக்கூடாது என்பதில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன்.

447ஐ உடைத்தால் 162 கழன்று 285 மிஞ்சுகிறது. குளுக்கோஸ் போன்றதொரு சர்க்கரை ஆக்சிஜன் வழியாகப் பிணைந்திருந்தது என்பதற்கு அந்த 162 அடையாளம். கரிமத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்தால் பெரும்பாலும் 120, 90 என்ற இழப்புகளே தென்படும். சிக்கல் 285இல்தான் இருக்கிறது. தாவரங்களில் காணப்படும் ஃபிளேவனாய்டு வகைச் சேர்மங்களான கேம்ப்ஃபெரால், லூட்டியோலின் ஆகிய இரண்டுமே 15 கரிமம், 10 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்களால் ஆனவை. ஹைட்ராக்சில் தொகுதிகளில் ஒன்று அமர்ந்திருக்கும் இடம் மட்டுமே வேறு. ஆகவே எத்தனை தசம இடங்கள் வரை அளந்தாலும் நிறை இவற்றைப் பிரித்துக் காட்டாது. துண்டுகளைத்தான் பார்க்க வேண்டும். லூட்டியோலினை மேலும் உடைத்தால் 133 வருகிறது. மூன்றாம் இடத்தில் சர்க்கரை ஏந்திய கேம்ப்ஃபெராலிலோ, 285க்குப் பக்கத்திலேயே 284 தலைதூக்கி, அதன் பின் 255, 227 ஆகியவை தொடர்கின்றன. எங்கள் கீரை காட்டியது இந்த இரண்டாவது வரிசையைத்தான்.

“அப்படியானால் குளுக்கோஸ் பிணைந்த கேம்ப்ஃபெரால், அதாவது கேம்ப்ஃபெரால் குளுக்கோசைடு என்று எழுதிவிடலாமா, அக்கா?” என்று பயிற்சிக்கு வந்திருந்த மாணவி கேட்டார்.

“இன்னும் இல்லைம்மா. குளுக்கோஸுக்கும் கேலக்டோஸுக்கும் நிறை ஒன்றுதான்.”

பெயர் உறுதியாகத் தெரிந்த தூய மாதிரியை, அதாவது ஸ்டாண்டர்டை, சேர்மங்களைப் பிரிக்கும் அதே குழாயில் (column), அதே கரைப்பான்களோடு ஓட்டி, குழாயைக் கடக்க எடுக்கும் தங்குநேரமும் துண்டுகளும் ஒத்துப்போனால்தான் பெயரை உறுதி செய்ய முடியும். 2007இல் வெளியான வளர்சிதைப்பொருள் (உயிரணுக்களில் உருவாகும் சிறு மூலக்கூறுகள்) ஆய்வு நெறிமுறைகள் அவ்வாறு ஒப்பிட்டதை முதல் நிலை என்றும், நிறமாலை நூலகத்தோடு மட்டும் ஒப்பிட்டதை இரண்டாம் நிலை என்றும் வகுத்தன. சில மில்லிகிராம் ஸ்டாண்டர்டுக்கே கணிசமான விலை. அது வந்து சேரக் காத்திருக்கவும் வேண்டும். சத்துமாத்திரைச் சிட்டையில் அச்சிடுவதற்காக முழுப் பெயரையும் உடனே கேட்கும் வாடிக்கையாளரிடம் இதை விளக்குவது எளிதன்று. ஆனாலும் அந்தச் சிட்டையை நம்பி ஒருவர் மாத்திரையை விழுங்கப்போகிறார். ஸ்டாண்டர்டு வந்து சேரும்வரை எங்கள் அறிக்கையில், எந்தச் சர்க்கரை என்று குறிப்பிடாமல், ‘கேம்ப்ஃபெரால் ஹெக்சோசைடு, இரண்டாம் நிலை’ என்றே இருக்கும்.