வலது பக்கம்தானே சிஸ்டர்

நர்ஸாகச் சேர்ந்த முதல் வருடம், கடலூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எனக்கு நைட் டியூட்டி. முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் அண்ணன் ஒருவர் நெஞ்சின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். "இதயம் இடது பக்கம்தானே சிஸ்டர், இது வாயுப் பிடிப்பு, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். நானும் அதை நம்பி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டுத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது: "நெஞ்சு வலின்னு வந்தா எந்தப் பக்கமானாலும் 10 நிமிஷத்துக்குள்ள இசிஜி, அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அவருக்கு இசிஜியில் ஒன்றுமில்லை. விலா எலும்பை அழுத்தினால் துள்ளினார், தசைப் பிடிப்புதான்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து தேவனாம்பட்டினத்திலிருந்து சர்க்கரை நோயுள்ள ஒரு அம்மா, மகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அதே வார்த்தை, "வலது பக்கம்தாம்மா இறுக்குது". புடவை வியர்வையில் நனைந்திருந்தது. உடனே இசிஜி எடுத்தோம், மாரடைப்பு.

அதற்கப்புறம் வலது பக்க வலியில் எத்தனையோ பார்த்துவிட்டேன். கல்யாண பிரியாணி சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்து தோள்பட்டை வரை ஏறினால் பெரும்பாலும் பித்தப்பைக் கல். காய்ச்சலும் இருமலுமாக, மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்தினால் நிமோனியாவோ நுரையீரல் உறையில் வீக்கமோ இருக்கலாம். பண்ருட்டிப் பக்கத்து ஒல்லியான பையன் ஒருவன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று மூச்சு வாங்கி வந்தான், நுரையீரலில் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கியிருந்தது, குழாய் போட வேண்டியதாயிற்று. இன்னொருவருக்கு ஒரே எரிச்சல், இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் கிளம்பியபோதுதான் அக்கி என்று தெரிந்தது. ரொம்ப தூரம் பயணம் செய்து ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் திணறினால் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று பயப்பட வேண்டும்.

ஒரு இசிஜி நார்மல் என்றதும் கிளம்பத் துடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுப்பதே முதல் தடவை பிடிபடாததைப் பிடிக்கத்தான்.

அந்த அம்மா பிழைத்துவிட்டார். வீட்டுக்குக் கிளம்பும்போது மகனிடம் சொன்னேன், தம்பி, வியர்வையும் மூச்சுத் திணறலும் இருந்தால் இனி பைக்கை எடுக்காதே, 108-க்குப் போன் போடு.