இரும்பு மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால்

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" "போடுறேன் மிஸ்." தேயிலைத் தோட்டத்துக் கர்ப்பிணி கிளினிக்கில் இந்தக் கேள்வி பதில் ஓயாது. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மிட்வைஃபாக வேலை செய்கிறேன். என் அம்மா கொழுந்து பறித்தவர். அதனால் அந்தப் பதிலை நான் அப்படியே நம்புவதில்லை, கோபப்படுவதும் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், சிலருக்கு வயிற்றால் போகும். வீட்டில் இருப்பவர் சமாளித்துக்கொள்வார். மலையில் கூடையோடு நிற்பவர் என்ன செய்வார்? எங்கள் பக்கத்து மலைகளில் கழிவறை இல்லை. லயத்துக்கு, அதாவது நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, ஓடிப்போய்த் திரும்பினால் கொழுந்து குறையும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான், சம்பளம் பாதியாகிவிடும். இதற்குப் பயந்தே காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர் எரிச்சலோடு வருபவர்களில் பலர் இவர்கள்தான். மாத்திரை காம்பராவிலேயே, லயத்து அறையிலேயே கிடக்கும். கிளினிக் அட்டையில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது.

இலங்கையின் சுகாதாரத்தை உலகமே புகழ்கிறது. இலவச மருத்துவம், குறைந்த சிசு மரணம் எல்லாம் உண்மைதான். ஆனால் 2016 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் சுமார் 32. சராசரியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இந்த வரியையும் படிக்கலாம்.

"வறுமைதான் மிஸ் காரணம்" என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். இல்லாவிட்டால், "விழிப்புணர்வு போதாது". இந்த இரண்டாவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீரை சாப்பிட வேண்டும் என்று தெரியாத தாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

சரி, வறுமை மட்டும்தான் என்றால், ஒரே லயத்தில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பு ஒரே மாதிரி தேய வேண்டுமே. கவ்வாத்து (தேயிலைச் செடி வெட்டுதல்), மருந்தடிப்பு என்று போகும் ஆண்கள் பல தோட்டங்களில் மத்தியானத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள். பெண்கள் மாலையில் கொழுந்தை எடை போட்டு, பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கி, ரொட்டி தட்டி, கடைசியாகச் சாப்பிடுவார்கள். மலையில் மேற்பார்வைக்கு நிற்பவர் பெரும்பாலும் ஆண். மாதவிடாய் நாளில் "கொஞ்சம் போய்ட்டு வாறேன்" என்று அவரிடம் எப்படிக் கேட்பது? மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் மொழி. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், சிங்களம் பேசத் தெரிந்த கணவனோ மகனோ கூட வர வேண்டும். வெள்ளைபடுவதை மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் சொல்வாள்? "வயித்து வலி" என்று சொல்லி, வயிற்று வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இதன் வேர் பழையது. 1948 குடியுரிமைச் சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்கள் தாத்தா பாட்டி தலைமுறையில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சிய சிக்கல் தீர 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் தோட்டத்து வைத்தியம் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாரின் பொறுப்பு. வாக்கில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி கட்டித்தர எந்த அரசியல்வாதிக்கு அவசரம்? இன்றும் சில தோட்ட டிஸ்பென்சரிகளில் இருப்பவர் டாக்டர் இல்லை, மருத்துவ உதவியாளர்.

2022 நெருக்கடியில் கோதுமை மாவு விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது எல்லோருக்கும்தான் கஷ்டம். ஆனால் காலையும் இரவும் ரொட்டியை நம்பியிருக்கும் வீட்டில், கடைசியாகச் சாப்பிடுகிறவளின் ரொட்டிதான் முதலில் குறைந்தது. அவள் கர்ப்பிணியாகவும் இருந்தால்? அவளுக்குக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவு பாக்கெட்டை மூத்த பிள்ளைகள் தின்று முடித்திருந்தார்கள். அவர்களை எப்படித் திட்டுவது!

இப்போது மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்கிறேன், தேத்தண்ணியோடு வேண்டாம் என்றும் சொல்கிறேன். "அப்ப ரொட்டிய எதோட எறக்குறது மிஸ்?" என்று சிரிக்கிறார்கள். கிளினிக்குக்கு வந்தால் பேர், அதாவது அன்றைய சம்பளம், வெட்டக்கூடாது என்றும், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கழிவறையாவது வேண்டும் என்றும் ஒரு தோட்டத்து நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம். முதலாவதற்குச் சரி என்றார்கள். கழிவறைக்கு எஸ்டிமேட் கேட்டிருக்கிறார்கள்.